டயல்-அப் வேகக் குறைவு: தனிக் கம்பி இணை கேட்டு மீண்டும் ஒரு மனு

பெறுநர்:
கோட்டப் பொறியாளர் அவர்கள், தொலைபேசி இணைப்பகம்.

பொருள்: பேர் கெயின் கருவியை (ஒரே கம்பி இணையில் இரண்டு வீடுகளை ஓட்டுவது) நீக்கவும், கேபிள் ஜாயின்ட்டை (கேபிள் கம்பிகளை இணைத்திருக்கும் இடம்) சரிசெய்யவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தொலைபேசி லைன் வழியாக வரும் எங்கள் டயல்-அப் இணைய இணைப்பு மிக மெதுவாக இருக்கிறது. இதே குறைக்கு முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் இல்லை. 'டயல் டோன் வருகிறது, லைனில் குறையில்லை' என்று புகாரை மட்டும் முடித்துவிட்டார்கள். எங்கள் தெருமுனைக் கேபிள் பெட்டியின் நிலை தாங்கள் அறியாததல்ல.

1. எங்களுடையது 56 கே, வி.90 மோடம் (நொடிக்கு 56,000 பிட் வரை இறக்கக்கூடிய தரம்). எந்த நேரத்தில் டயல் செய்தாலும் நொடிக்கு 26,400 பிட்டுக்கு மேல் இணைவதில்லை.

2. வீட்டுக்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டோம். மற்ற தொலைபேசிகளைக் கழற்றி, லைன் வந்து சேரும் பெட்டியிலேயே மோடத்தைச் செருகினோம். அதே 26,400. இதே மோடம் உறவினர் வீட்டு லைனில் 48,000 காட்டுகிறது.

3. அந்தப் பேர் கெயின் கருவி எங்கள் லைனில் இருப்பதாக லைன்மேனே சொன்னார். வி.90 வேகம் கிடைக்க, வழியில் அனலாக்-டிஜிட்டல் மாற்றம் (அலையாக வரும் சிக்னலை எண்களாக்குவது) ஒருமுறைதான் நடக்க வேண்டும். இந்தக் கருவி இன்னொரு முறை மாற்றுகிறது. பேச்சுக்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையான ஒலி போதும், குரல் தெளிவாகவே கேட்கும். மோடம்தான் அடிபடுகிறது. குரலை மட்டும் கேட்டுவிட்டு 'குறையில்லை' என்று எழுதினால் நாங்கள் யாரிடம் போவது?

4. ஐயா, மழை வந்தால்தான் உண்மையான வேதனை. 1 மெகாபைட் இறங்கவே ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. என் மகளின் பாடக் கோப்புகள் பத்து மெகாபைட் இருக்கும். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். முக்கால்வாசி வந்திருக்கும்போது லைன் கரகரக்கும். வேகம் இன்னும் இறங்கும், பிறகு இணைப்பே அறுந்துபோகும். மறுபடி முதலிலிருந்து. மறுபடி அறுபடும். அறுந்த ஒவ்வோர் அழைப்புக்கும் கட்டணம் எங்கள் தலையில். நள்ளிரவு தாண்டியும் திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்ல? ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்பது மழைக்கு மழை கரகரப்பதிலேயே தெரிகிறதே! அதைத் திறந்து பார்க்க ஓர் ஆளை அனுப்பக்கூடாதா?

5. புது வசதி எதுவும் கேட்கவில்லை.

பேர் கெயின் கருவியை எடுத்துவிட்டு, இணைப்பகத்திலிருந்து எங்களுக்கென்று ஒரு கம்பி இணை தாருங்கள். ஜாயின்ட்டைத் திறந்து உலர்த்தி மாற்றுங்கள். வேலை முடிந்ததும் குரலை மட்டுமன்றி, மோடம் வைத்தும் சோதிக்கச் சொல்லுங்கள். கேபிளில் காலி இணை இல்லையென்றால் அதையாவது எழுத்தில் தெரிவியுங்கள். தயவுசெய்து அடுத்த மழைக்கு முன் ஆளை அனுப்புங்கள், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் பகுதித் தொலைபேசிச் சந்தாதாரர்