தண்ணீருக்குப் போன 22 பேர்

மதுரை

அன்புள்ள முருகேசனுக்கு,

நலம். நீயும் தங்கச்சியும் நலம்தானே? முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே நாளைக் கடத்தாதே, டாக்டரிடம் போய்க் காட்டு. பருத்தி இந்த முறையும் விலை போகவில்லை என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனம் கனத்துவிட்டது. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு, அங்கிருந்து இங்கிலாந்து ஆலைகளுக்குப் பருத்தி போவது நின்றபோது, உங்கள் கரிசல் காட்டுப் பஞ்சுக்குக் கூட விலை எகிறியது. 1865இல் போர் முடிந்தது, விலையும் விழுந்தது. எங்கோ நடந்த சண்டை நம் ஊர்க் களத்துமேட்டை அன்றே தொட்டிருக்கிறது.

அந்தப் போரில் பெரிய தளபதி யார், பிரிந்து போன தென் மாநிலங்களின் லீயா, வட மாநிலங்களின் கிராண்டா என்று கேட்டிருந்தாய். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தப் போரின் பெரும் சண்டை ஒன்று நடந்த கெட்டிஸ்பர்க் களத்தைப் பார்த்துவிட்டு வந்தேன் அல்லவா, அதிலிருந்து எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்காமல் போய்விட்டது. அங்கே திரும்பிய பக்கமெல்லாம் கல் நிற்கிறது, முருகேசா. நிறையக் கற்களில் பொறித்திருப்பது ரெஜிமென்டுகளின் பெயர். ஒரு ரெஜிமென்ட் என்றால் திரட்டும்போது ஏறக்குறைய ஆயிரம் பேர், பத்து கம்பெனிகள். ஒவ்வொரு கம்பெனியும் பெரும்பாலும் ஒரே வட்டாரத்துப் பிள்ளைகள். அண்ணன் தம்பி, பங்காளி, பக்கத்து வீட்டுக்காரன் எல்லோரும் ஒரே வரிசையில். ஒரு மாலைப்பொழுதில் அந்த வரிசை சரிந்தால் ஓர் ஊரே இழவு வீடாகும். 1863 ஜூலை 2 அன்று, வடக்குப் படையின் நடுப்பகுதியில் விழுந்த ஓட்டையை அடைக்க, துணைக்கு ஆள் வரும்வரை சில நிமிடம் வேண்டும் என்பதற்காக, ஹான்காக் என்ற தளபதி முதலாம் மினசோட்டா ரெஜிமென்டை எதிரியின் மேல் ஏவினார். இறங்கியவர்கள் 262 பேர் என்றும், மிஞ்சியவர்கள் 47 பேர் என்றும் அவர்கள் கணக்கு சொல்கிறது. கேட்ட நிமிடங்களை அவர்கள் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

அதே மாலை, அதே களத்தின் தெற்குக் கோடியில் லிட்டில் ரவுண்ட் டாப் என்ற பாறைக் குன்றில் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. குன்றின் இடது கோடியைக் காத்தது வடக்கின் 20ஆம் மெய்ன் ரெஜிமென்ட். அதன் கர்னல் சேம்பர்லின், போருக்கு முன் கல்லூரிப் பேராசிரியர். ஏறி வந்தது தெற்கின் 15ஆம் அலபாமா, அதன் கர்னல் ஓட்ஸ். அலபாமாப் பையன்கள் அன்று ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நடந்து வந்தவர்கள். ஓட்ஸ் 22 பேரைப் பொறுக்கி, எல்லோருடைய தண்ணீர்க் குடுவைகளையும் கொடுத்து, கிணற்றுக்கு அனுப்பினார். அவர்கள் திரும்புவதற்குள் முன்னேறச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. குடுவைகளோடு தேடி வந்த 22 பேரும் வழியில் எதிரியிடம் பிடிபட்டார்கள். நாக்கு வறண்டவர்கள் அந்தச் சரிவில் திரும்பத் திரும்ப ஏறினார்கள். மேலே மெய்ன்காரர்களுக்குத் தோட்டா தீர்ந்தது. சேம்பர்லின் துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகச் சொல்ல, வரிசை அப்படியே கீழே பாய்ந்தது. அலபாமா சிதறியது. தண்ணீர் இல்லாமல் போனதும் தோல்விக்கு ஒரு பெரிய காரணம் என்று ஓட்ஸ் பிற்காலத்தில் எழுதினார்.

நான் அங்கே ஏறியதும் ஒரு ஜூலை மாதம்தான். பாதிச் சரிவிலேயே கையிலிருந்த பாட்டில் காலி. ஒரு பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். லீயின் திட்டமும் அங்கே வடக்குப் படையை நடத்திய மீடின் வியூகமும் அப்போது நினைவுக்கு வரவே இல்லை. அந்த 22 குடுவைக்காரர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓட்ஸின் தம்பி ஜானும் அந்தச் சரிவில்தான் விழுந்தான். தூக்கிவர முடியவில்லை. எதிரியின் மருத்துவ முகாமில் சில வாரம் கிடந்து இறந்தான். ஓட்ஸ் மறு ஆண்டு வலக்கையை இழந்தார், பிறகு அலபாமாவின் ஆளுநரானார். முதுமையில், தம்பி விழுந்த இடத்தில் தன் ரெஜிமென்டுக்கு ஒரு கல் நாட்ட வேண்டும் என்று மன்றாடினார். சேம்பர்லின் கல்லை மறுக்கவில்லை, அலபாமாக்காரர்கள் அவ்வளவு தூரம் உள்ளே வரவில்லை என்றார். நாற்பது ஆண்டு கழிந்தும் இரண்டு கிழவர்களும் சில கஜ நிலத்துக்காகக் கடிதத்தில் வழக்காடினார்கள். கல் கடைசிவரை நாட்டப்படவே இல்லை.

ஓட்ஸ் நின்றது அடிமை முறையைக் காக்க எழுந்த அணியில். அந்த அணி தோற்றதில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. தோற்றே ஆக வேண்டியது அது. ஆனாலும் அந்தத் தம்பிக்கு ஒரு கல் இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்? உன் தம்பியைப் பறிகொடுத்தவன் நீ, அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்.

தைக்கு வருகிறேன். பதில் அதற்கு முன்பே எழுது.

என்றும் அன்புடன்,
சுந்தரம்