ஆண்டறிக்கை 2024–25: தாய்க்கடையும் கிளைக்கடையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, அல்சூர், காக்ஸ் டவுன், ஸ்ரீராமபுரம், ஜெயநகர் என்று பெங்களூரின் பல பக்கமிருந்தும் கடையை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் நம் காபிக்கடைச் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. பொங்கல் விழா நிறைவாக நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம்மை உலுக்கியது காபித்தூள் விலை. அதைத்தான் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

வியட்நாமிலும் பிரேசிலிலும் வறட்சி. ரொபஸ்டா வகைக் கொட்டை விலை ஏறியது, பின்னாலேயே அராபிகா வகையும் ஏறியது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. அதுவரை யாரும் பார்க்காத விலை. சிக்கமகளூரும் குடகும் நமக்குப் பக்கம்தான். ஆனாலும் அங்குள்ள விவசாயி உலக விலைக்குத்தான் விற்பார், அது அவர் உரிமை. சரி, கிளைக்கடைகளுக்குப் பெயரும் தூளும் கொடுத்துத் தாய்க்கடை நடத்தும் நாம் என்ன செய்தோம்? இரவு பத்து மணிக்கு கிளைக்கடைக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் "நாளை முதல் புது விலை" என்று ஒரு வரி போட்டோம். அப்படிப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

இரண்டு வாரம் கழித்து, என்னிடம் ஃபிரான்சைஸ், அதாவது என் கடைப் பெயரில் கிளை நடத்தும் உரிமை, எடுத்த ஒரு கடையில் காபி முன்போல இல்லை என்று வாடிக்கையாளர் ஒருவர் சொன்னார். கோபத்தோடு மறுநாள் காலை ஐந்தரைக்கே போய் நின்றேன். கடைக்காரர் பித்தளை ஃபில்டரில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கல்லாவுக்குக் கீழே வேறு தூள் பாக்கெட்டுகள். லேபிளில் காபி 53, சிக்கரி 47. நம் கலவை 80க்கு 20. அவர் எதையும் மறைக்கவில்லை. டபராவை என் முன் வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணா, தூள் உங்களுது. ஆனா பத்து மாச அட்வான்ஸ் நான் கொடுத்தது, மாஸ்டர் சம்பளம் நான் கொடுக்கறது. விலை ஏத்தினது தப்பில்ல. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் கப்புக்கு ரெண்டு ரூபா ஏத்தி போர்டு மாட்டியிருப்பேன்."

எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் காபியைக் குடித்தேன். கசப்பு நாக்கிலேயே நின்றது.

காபி 51 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்து, சிக்கரியின் அளவை லேபிளில் போட்டிருந்தால் அந்தத் தூளை விற்பதில் சட்டக் குற்றம் இல்லை. ஆனால் நம் பெயர்ப்பலகைக்குக் கீழே அதைக் கொடுப்பது நம்பி வருபவரை ஏமாற்றுவது. அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அன்றே எடுக்கச் சொன்னேன், எடுத்தார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. சம்பளத்துக்கு இருக்கும் மேனேஜரிடம் பேசுவதுபோல, வீட்டு நகையை அடகு வைத்துக் கடை போட்டவரிடம் பேச முடியாது. பேசவும் கூடாது.

இதைச் செயற்குழுவில் வைத்தேன். இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. விலை ஏற்றுவதானால் 15 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், கொட்டை வாங்கிய பில்லையும் காட்ட வேண்டும். அப்புறம், மாதம் ஒருமுறை எல்லாக் கடை டிகாக்‌ஷனையும் பெயர் ஒட்டாத டம்ளர்களில் ஊற்றி எல்லோருமாக ருசி பார்க்க வேண்டும். முதல் கூட்டத்தில் மோசம் என்று எல்லோரும் ஒதுக்கிய டம்ளர் ஒரு தாய்க்கடையினுடையது. அதற்கப்புறம் கிளைக்கடைக்காரர்கள் கூட்டத்தில் வாய் திறந்து பேசுகிறார்கள். இந்த ஆண்டில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்தது இதுதான்.

பில் காட்ட ஓர் உறுப்பினர் மறுத்துவிட்டார். அவரிடமிருந்து ஒரு கிளை விலகியது. விலகிப் போகிறவர் மூன்று ஆண்டுக்கு இந்தத் தொழிலே செய்யக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதாக அந்த உறுப்பினர் சொன்னார். வழக்கறிஞர் ஒருவரை அழைத்து விளக்கம் கேட்டோம். ஃபிரான்சைஸுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27வது பிரிவுப்படி, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்தில் மட்டும் போட்டிச் சரக்கைத் தொடாதே என்று கட்டுப்படுத்தலாம். கோக கோலா வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. ஆகவே, போகிறவரைக் காகிதத்தைக் காட்டி நிறுத்த முடியும் என்று யாரும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

நம் பெயரைப் பயன்படுத்துவதற்காகக் கிளைக்கடை கட்டும் ராயல்டி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆயிரம் ரூபாய் ராயல்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து கிளைக்கடைக்காரர் கட்டுவது 1,180. நம்மைப்போல 5 சதவீத வரியில் ஓட்டல் நடத்துபவர் அந்த 180ஐத் தன் வரியில் கழித்துக்கொள்ள முடியாது, அது திரும்ப வராது. ராயல்டி பேசும்போது தாய்க்கடைக்காரர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் வேண்டும் என்ற விதிக்காகப் பலகை மாற்றிய செலவை, பெரும்பாலான உறுப்பினர்கள் கிளைக்கடையோடு பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு நன்றி. இன்னும் தீராதவற்றை இந்த மாதமே பேசி முடித்துவிடுவோம்.

அடுத்த ருசிக் கூட்டம் வரும் மாதம் முதல் செவ்வாய், மதியம் மூன்று மணிக்கு. டிகாக்‌ஷனை அன்று காலை இறக்கி ஃபிளாஸ்கில் கொண்டு வாருங்கள். பாலை நம் சங்கத்திலேயே காய்ச்சி வைத்திருப்போம்.

இங்ஙனம்,
செயலாளர்