கல்லாறு – குன்னூர் மலைச்சாலையை அகலப்படுத்துவது குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
பர்லியார் சாலையோரப் பழ வியாபாரிகள் மற்றும் குடியிருப்போர் சார்பாக மனுதாரர்,
பர்லியார், குன்னூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், உதகமண்டலம்.

பொருள்: தேசிய நெடுஞ்சாலை 181 – கல்லாறு முதல் குன்னூர் வரை – மலைச்சரிவை மேலும் வெட்டாமல், குன்னூர், கோத்தகிரி ஆகிய இரு சாலைகளிலும் போக்குவரத்தைப் பிரித்துவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பர்லியாரில் சாலையோரம் பழக்கடை வைத்திருக்கும் நான், இப்பகுதி மக்கள் சார்பில் இம்மனுவைத் தங்கள் மேலான கவனத்திற்குச் சமர்ப்பிக்கிறேன். 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட இச்சாலையில் வண்டிகள் எங்கள் கடைகளில் நின்று சென்றால்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரியும். சாலையின் நன்மையை அறிந்தவர்களாகவே இதை எழுதுகிறோம்.

சாலையை அகலப்படுத்துவதற்காகச் சரிவின் அடிப்பகுதியைச் செங்குத்தாக வெட்டிய இடங்களில், மழை விட்டு இரண்டு நாளான பின்னும் மண்ணிலிருந்து நீர் கசிந்துகொண்டிருப்பதையும், மேலே நிற்கும் மரங்களின் வேர்கள் பிடிமானமின்றி அந்தரத்தில் தொங்குவதையும் கண்கூடாகப் பார்த்து வருகிறோம். 1993 நவம்பரில் இதே வழியிலுள்ள மரப்பாலம் என்னும் ஊரில் சாலையையும் ரயில் பாதையையும் அடித்துச் சென்று பல உயிர்களைப் பலிகொண்ட மண்சரிவை எங்கள் பெரியவர்கள் இன்றும் சொல்லிக் கலங்குகிறார்கள். 2009 நவம்பர் மழையில் இம்மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அபாயகரமானவை என மாவட்ட நிர்வாகமே 283 இடங்களை அடையாளம் கண்டிருக்கும் ஒரு மாவட்டத்தில், சாலைக்காகச் சரிவின் அடியை வெட்டுவது எந்த வகையில் பாதுகாப்பாகும் என்று பணிவுடன் கேட்கிறோம்.

விபத்துகளைக் குறைக்கவே அகலப்படுத்துவதாகச் சொல்லப்படுகிறது. 2023 செப்டம்பர் 30 அன்று மரப்பாலம் அருகே சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்து 9 பேர் இறந்த துயரத்தை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கும் வண்டிகள், பிரேக் கருகும் வாடையோடு எங்கள் கடை முன் வந்து நிற்பது அன்றாடக் காட்சி. வளைவு அகலமானால் இவர்களின் வேகம் கூடும் என்றே அஞ்சுகிறோம்.

அடுத்ததாக யானைகள். மே, ஜூன் மாதங்களில் பலா பழுக்கும்போது அவை கீழ்க்காட்டிலிருந்து ஏறி வருவது வழக்கம். கடந்த பலாப் பருவத்தில் ஒரு விடியற்காலையில், குட்டியுடன் வந்த தாய் யானை சாலையோரம் கட்டிய புதிய தடுப்புச்சுவரைத் துதிக்கையால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, ஏற இடமில்லாமல் சாலையோடு நடந்தது. குட்டி அதன் வயிற்றுக்கடியில் ஒண்டிக்கொண்டது. இருபுறமும் ஹாரன் ஒலி. வழி கிடைக்க முக்கால் மணி நேரமானது. 2021-இல் மலை ரயில் பாதையோரம் கட்டிய சுவர் யானைகளின் வழியை மறித்ததால் பின்னர் இடிக்கப்பட்டது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அதே தவறு சாலையிலும் தொடர வேண்டாம்.

கோடை சீசனில் ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் விடும் ஒருவழி முறையை, ஆண்டு முழுவதும் வார இறுதிகளுக்கும் தொடர் விடுமுறை நாட்களுக்கும் நீட்டிக்குமாறு வேண்டுகிறோம். இதனால் எங்கள் வியாபாரம் அந்நாட்களில் பாதியாகக் குறையும். அது தெரிந்தேதான் கேட்கிறோம். கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனை பகுதியிலும் யானைகள் நடமாடுவதால், இரு சாலைகளிலும் இரவு நேரக் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு தேவை.

வனத்துறையினரும் புவியியல் வல்லுநர்களும் இணைந்து கள ஆய்வு செய்யும் வரை புதிதாகச் சரிவை வெட்ட அனுமதிக்க வேண்டாம். ஏற்கெனவே கட்டிய சுவர்களில் யானைகள் ஏறி இறங்கச் சாய்வான வழி விட வேண்டும். மண் அடைத்துக் கிடக்கும் சிறுபாலங்களை வடகிழக்குப் பருவமழைக்கு முன் தூர்வார ஆணையிட வேண்டும்.

ஆய்வுக் குழு வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால், நீர் கசியும் இடங்களையும் யானைத் தடங்களையும் நேரில் காட்ட நாங்கள் உடன் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்
பர்லியார்