ரோமோ சொன்னது ஜோசியம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டல்லாஸ் கௌபாய்ஸ் அணியில் குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவராக) ஆடி, பிறகு சி.பி.எஸ். தொலைக்காட்சியில் வர்ணனையாளர் ஆன டோனி ரோமோவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். அமெரிக்கக் கால்பந்தைப் பற்றித் தமிழில் எழுத ஓர் ஆள் கிடைத்திருக்கிறாரே என்று முதலில் மகிழ்ச்சிதான். ஆனால் கட்டுரையாளர் ரோமோவை ஏதோ வாக்குப் பலிக்கும் சாமியார் போலக் காட்டிவிட்டார். 2019-இல் நடக்கப்போவதையெல்லாம் சொன்னார், பிறகு அருள் போய்விட்டது, சம்பளம் மட்டும் ஏறிவிட்டது என்று கதையை முடித்தும்விட்டார். அன்று பலித்ததற்கும் இன்று சறுக்குவதற்கும் காரணம் ஒன்றுதான் என்பது என் கருத்து. கட்டுரை அந்தப் பக்கமே போகவில்லை.

2019 ஜனவரி 20. கான்சாஸ் சிட்டியில் சீஃப்ஸ், பேட்ரியாட்ஸ் அணிகள் மோதிய ஏ.எஃப்.சி. (லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதிப்போட்டி. கடைசி நேரத்தில் பேட்ரியாட்ஸ் 24-28 எனப் பின்தங்கியிருந்தது. பேட்ரியாட்ஸின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி பந்தை வாங்குவதற்கு முன்பே ரோமோ பேச ஆரம்பித்தார். அவருடைய அணியின் ராப் கிரான்கௌஸ்கி வழக்கமான இடத்தை விட்டு ஓரமாகத் தள்ளி நிற்கிறார், பின்னால் நிற்கும் அந்தத் தடுப்பாட்டக்காரரைக் கவனியுங்கள், அவர் முன்னேறி வந்தால் பந்து அங்கேதான் போகும் என்றார். அவர் முன்னேறினார், பந்தும் அங்கேதான் போனது. கிரான்கௌஸ்கி அதைப் பிடித்து, எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு 4 யார்டு தூரத்தில் விழுந்தார். அடுத்த நகர்விலேயே டச்டவுன், அதாவது பந்து அந்தக் கோட்டைத் தாண்டியது. கூடுதல் நேரத்தில் 37-31 என பேட்ரியாட்ஸ் வென்றது. ஆனால் மறுநாள் ஊரெல்லாம் பேச்சு ரோமோவைப் பற்றி.

இதில் மந்திரம் ஏதும் இல்லை. குவார்ட்டர்பேக்கின் வேலையே இதுதான். ஒரு நகர்வு முடிந்து அடுத்த நகர்வைத் தொடங்க 40 விநாடி. பயிற்சியாளர் தரப்பிலிருந்து ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ரேடியோவில் உத்தரவு வரும். கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது அந்த ரேடியோ தானாகவே அணைந்துவிடும். அதற்குப் பிறகு அவர் தனி ஆள். எதிரே நிற்கும் பதினொரு பேரையும் ஒரு பார்வையில் அளக்க வேண்டும். பின்வரிசையில் காவலுக்கு நிற்பவர் ஒருவரா, இருவரா? தன் ஆளில் ஒருவரைக் குறுக்கே ஓடவிட்டுப் பார்ப்பார். எதிரணியில் யாராவது பின்னாலேயே ஓடிவந்தால் ஆளுக்கு ஆள் காவல் என்று பொருள். நின்ற இடத்திலேயே நின்றால் பெரும்பாலும் இடத்துக்குக் காவல். பிடிக்கவில்லையென்றால் அங்கேயே கத்தித் திட்டத்தை மாற்றுவார். இவ்வளவையும் அவர் மனதுக்குள் செய்வார். ரோமோ அதையே வாய்விட்டுச் செய்தார், அவ்வளவுதான். டெக்சாஸுக்குக் குடிவந்து வெகுகாலம் இந்த விளையாட்டை வெறும் தள்ளுமுள்ளு என்று நினைத்திருந்த எனக்கு, அது புரிய ஆரம்பித்ததே அவர் பேச்சில்தான்.

எல்லாம் பலித்தது என்பதும் மிகை. அந்த 2018 பருவத்தில் அவர் வர்ணித்த ஆட்டங்களை ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது: 72 கணிப்புகள், சரியானவை 68 சதவீதம். மூன்றில் ஒன்று தவறு. களத்தில் இருக்கும் குவார்ட்டர்பேக்குகளும் தப்புக்கணக்குப் போடுகிறவர்கள்தானே.

இந்தப் பார்வை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. விஸ்கான்சினில் பர்லிங்டன் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். படித்தது பெரிய பெயரில்லாத ஈஸ்டர்ன் இல்லினாய் பல்கலைக்கழகம். 2003-இல் அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது ஏழு சுற்று முடிந்தும் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. பிறகு டல்லாஸ் கௌபாய்ஸ் சேர்த்துக்கொண்டது. அந்த அணியில் அப்போது உதவிப் பயிற்சியாளராக இருந்த ஷான் பேட்டனும் அதே கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடியவர் என்பது அவருடைய அதிர்ஷ்டம். சேர்ந்த பிறகும் 2006 அக்டோபர் வரை லீக் ஆட்டத்தில் ஒரு பாஸ்கூட அவர் எறியவில்லை. மூன்று பருவத்துக்கு மேல் கோட்டோரம் நின்று, அடுத்தவர் எறிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வர்ணனைக்கு இதைவிட நல்ல பயிற்சி எது?

அந்தக் காத்திருப்புக் காலத்தில் அவருக்குக் கொடுத்த சில்லறை வேலை, ஃபீல்டு கோலுக்காகக் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கும்போது அதைத் தரையில் பிடித்து நிறுத்துவது. முதன்மை ஆட்டக்காரர் ஆன பிறகும் அது அவரிடமே இருந்தது. 2007 ஜனவரி 6 அன்று சியாட்டிலில் நடந்த பிளேஆஃபில் (தோற்றால் வெளியேற வேண்டிய பருவ இறுதிச் சுற்றில்) கௌபாய்ஸ் 20-21 எனப் பின்தங்கியிருக்க, 19 யார்டு உதை. கண்ணை மூடிக்கொண்டு உதைக்கலாம். பந்து ரோமோவின் கையில் நழுவியது. எடுத்துக்கொண்டு ஓடியவரைக் கோட்டுக்குச் சற்று முன்னால் சாய்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் எவ்வளவு நன்றாக ஆடினாலும், ‘முக்கியமான நேரத்தில் கைவிட்டுவிடுவார்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 248 டச்டவுன் பாஸ்கள், 34,183 யார்டுகள், இரண்டுமே ஓய்வு பெற்றபோது கௌபாய்ஸின் சாதனை. ஆனால் லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. 2016-இல் முதுகில் அடிபட்டுப் படுத்த இடைவெளியில் புதுமுகம் டாக் பிரெஸ்காட் இடத்தைப் பிடித்துக்கொள்ள, இடம் அவருக்கே உரியது என்று ரோமோ பத்திரிகையாளர்கள் முன் அறிக்கை வாசித்துவிட்டு ஒதுங்கினார். அடுத்த ஏப்ரலில் சி.பி.எஸ். நேராகத் தன் முதன்மை வர்ணனையாளர் ஜிம் நான்ட்ஸின் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தது. அங்கிருந்து எழுப்பப்பட்டவர் சாதாரண ஆளல்ல. சூப்பர் பவுலில் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கிய ஃபில் சிம்ஸ்.

ஏன் சறுக்கினார் என்பதற்கு வருகிறேன். 2017-இல் மைக் பிடித்தபோது எதிரே ஆடியவர்களில் பலர் அவரே மோதிப் பழகியவர்கள். தடுப்பாட்டப் பயிற்சியாளர்களின் கைவரிசையும் அவருக்கு அத்துப்படி. அவர்களில் எத்தனை பேர் இப்போது இருக்கிறார்கள்? ஆட்டமும் மாறிவிட்டது. பின்வரிசையில் இருவரைத் தள்ளி நிறுத்தி, பந்து அசையும்வரை எதையும் காட்டிக்கொள்ளாமல், அசைந்த பிறகு இடம் மாறும் முறை இந்தச் சில ஆண்டுகளில் பரவலாகிவிட்டது. பந்து அசையுமுன் படிப்பதற்கு எழுத்தே இல்லை என்றால் யார்தான் படிப்பது? களத்தில் இருக்கும் இளம் ஆட்டக்காரர்களே திணறுகிறார்கள். அந்த வெற்றிடத்தை ரோமோ வெறும் உற்சாகத்தால் நிரப்பப் பார்க்கிறார். 2024 பிப்ரவரியில் லாஸ் வேகாஸ் சூப்பர் பவுல் முடிந்த கணத்தில்கூட வாயை மூடாமல் பேசினார் என்று ரசிகர்கள் திட்டினார்கள். நானும்தான் திட்டினேன். சத்தம் போடட்டும் என்று கூட்டத்துக்கு விட்டுவிடத் தெரிவதும் வர்ணனையில் ஒரு கலை. ஆனாலும் சி.பி.எஸ். தருவதாகச் செய்தி வந்த ஆண்டுக்கு 1.7 கோடி டாலரைக் காட்டி அவரை மோசடிக்காரர் போலக் கட்டுரை எழுதியிருப்பது நியாயமில்லை. கேட்டவரைவிடக் கொடுத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

இதே கௌபாய்ஸின் இன்னொரு குவார்ட்டர்பேக் டான் மெரிடித்தைக் கட்டுரை மறந்தது எனக்குப் பெரிய குறை. அவரும் கோப்பை தொடாதவர். 1967 டிசம்பர் 31 அன்று கிரீன் பேயின் உறைபனியில் 17-21 என்று தோற்றவர். 1970-இல் ஏ.பி.சி. தொலைக்காட்சி திங்கட்கிழமை இரவு ஆட்டத்தை ஒளிபரப்பத் தொடங்கியபோது, சட்டம் படித்த ஹவர்ட் கோசெலுக்குப் பக்கத்தில் இவரை உட்காரவைத்தார்கள். கோசெல் பெரிய வார்த்தைகளை அடுக்க, மெரிடித் டெக்சாஸ் இழுவையில் ஒரே வரியில் குத்திவிடுவார். 1972-இல் ஹூஸ்டன் அணி சொந்த ஊரிலேயே 0-34 என்று உதை வாங்கிக்கொண்டிருந்தபோது, காலி இருக்கைகளுக்கு நடுவே தூங்கிவழிந்த ஒரு ரசிகரைக் கேமரா காட்டியது. அவர் விழித்துக்கொண்டு கேமராவைப் பார்த்து நடுவிரலைத் தூக்கினார். நாடே பார்க்கிறது. நாட்டிலேயே தங்கள் அணிதான் நம்பர் ஒன் என்று அவர் சொல்கிறார் என்றார் மெரிடித்.

அவர் யாருக்கும் தடுப்பாட்ட வகுப்பு எடுக்கவில்லை. அதனால் ஆட்டம் மாறியது அவரைப் பாதிக்கவும் இல்லை, நடுவில் என்.பி.சி.க்குப் போய்வந்து 1984 வரை தாக்குப்பிடித்தார். ரோமோவின் சரக்கு அறிவு, அது நாள்பட்டால் பழசாகும். இப்போது ஃபாக்ஸில் பேசும் பிரேடிக்கும் இதே சிக்கல்தான் வரும். போதாக்குறைக்கு ரெய்டர்ஸ் அணியில் பங்கு வாங்கியதால், 2024 பருவத்தில் மற்ற அணிகளின் பயிற்சியைப் பார்க்கவே லீக் அவரை விடவில்லை.

கடைசியாக ஒரு திருத்தம். ரோமோ பிளேஆஃபில் ஒருமுறைகூட வென்றதில்லை என்று கட்டுரையில் இருக்கிறது. இருமுறை வென்றிருக்கிறார்: 2010 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸை 34-14, 2015 ஜனவரியில் டெட்ராய்ட் லயன்ஸை 24-20. அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
இர்விங், டெக்சாஸ்