ஆய்வகச் சாவியை இரண்டு பீரியடுக்குக் கொடுங்கள்

வட சென்னை அரசு, மாநகராட்சி மேல்நிலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் வேதியியல் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பில் பலபடிகள் (பாலிமர்கள்) பாடத்தை நாம் எப்படி நடத்துகிறோம் என்று எனக்குத் தெரியும். பல வருடம் நானும் அப்படித்தான் நடத்தினேன். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் குறுக்குப் பிணைப்பு உண்டாகும், அதற்குப் பெயர் வல்கனைசேஷன், எழுதிக்கொள், அடுத்த கேள்வி. பள்ளி விட்டு அந்தப் பையன் எண்ணூர் விரைவுச் சாலை வழியாகப் போகிறான். வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பக்கத்தில் பஞ்சர் கடைக்காரர் டியூப் மேல் வேகாத ரப்பர்த் துண்டை வைத்துச் சூட்டில் இறுக்கிக்கொண்டிருக்கிறார். காலையில் எழுதிய வரிதான் இங்கே நடக்கிறது என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை.

போன வருடம் ஒரு சோதனையைப் பிள்ளைகள் கையாலேயே செய்ய வைத்தேன். 100 மில்லி தண்ணீருக்கு 4 கிராம் பாலிவினைல் ஆல்கஹால் பொடி. கலக்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, கொதி வராமல் சூடாக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் ரவை மாதிரி கட்டி தட்டிவிடும், அப்புறம் கரையாது. இன்னொரு பாட்டிலில் அதே அளவில் வெங்காரக் கரைசல். நகைப் பட்டறையில் பற்ற வைக்கும்போது போடுவார்களே, அதே வெங்காரம்தான்.

மூன்று கப்பிலும் 25 மில்லி பாலிவினைல் ஆல்கஹால் பசைக் கரைசல். முதல் கப்பில் வெங்காரம் இல்லை, இரண்டாவதில் 2 மில்லி, மூன்றாவதில் 5 மில்லி. முதலாவது ஊற்றினால் ஊற்றியபடி ஓடியது. இரண்டாவது கம்பி கம்பியாக இழுபட்டு, தட்டில் தோசை மாவு மாதிரி மெல்லப் படர்ந்தது. மூன்றாவது உருட்டினால் உருண்டையாக நின்றது. மெதுவாக இழுத்தால் நீண்டது, வெடுக்கென்று இழுத்தால் அறுந்தது. கடைசி வரிசையில் ஒரு மாணவி அதை விரலில் மாட்டித் தொங்கவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். காசிமேட்டுப் பெண், வீட்டில் வலை பின்னுகிறவர்கள். "மிஸ், நூல் அதேதான். முடிச்சுதான் கூடுது" என்றாள்.

இதைவிடச் சரியாக நான் சொல்லியிருக்க முடியாது. நீளமான பலபடிச் சங்கிலிகள்தான் நூல். வெங்காரம் தண்ணீரில் கரையும்போது வரும் போரேட் அயனி, பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளின் ஹைட்ராக்சில் தொகுதிகளைப் பிடித்து முடிச்சுப் போடுகிறது. குறுக்குப் பிணைப்பு என்பது இந்த முடிச்சைத்தான். அந்த முடிச்சு அவிழ்ந்து அவிழ்ந்து மறுபடி விழும். மெதுவாக இழுத்தால் அதற்கு நேரம் கிடைக்கிறது, வேகமாக இழுத்தால் கிடைப்பதில்லை. அப்புறம் உருண்டையில் வினிகர் ஊற்றினோம், இளகி ஓடிவிட்டது. சமையல் சோடாக் கரைசலைச் சிறுகச் சிறுகச் சேர்த்தோம், நுரைத்து அடங்கி மறுபடி கெட்டியானது.

"அப்போ டயரையும் இப்படி அவிழ்க்கலாமா மிஸ்?" என்று கேட்டான் ஒருவன். பாடமே அங்கேதான் தொடங்கியது. கந்தகம் போடும் முடிச்சு வலுவான சகப்பிணைப்பு, அவ்வளவு சுலபமாக அவிழாது. உடைந்த பிளாஸ்டிக் வாளியை உருக்கி வேறு வாளி வார்க்கிற மாதிரி பழைய டயரை உருக்க முடியாததற்குக் காரணம் அதுதான். வெயிலில் பிசுபிசுத்துக் குளிரில் விறைத்துப்போகும் ரப்பரை 1839-ல் சார்லஸ் குட்இயர் வழிக்குக் கொண்டுவந்ததும் இதே முடிச்சால்தான். கந்தகம் சில சதவீதம் இருந்தால் இழுபடும் ரப்பர், 30 சதவீதம் அளவுக்குப் போனால் பேனா உடல் கடையும் கெட்டி எபொனைட். எம்.ஆர்.எஃப். 1946-ல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியது நம் திருவொற்றியூரில்தான். ஊதினால் விரிகிற பலூன் காற்று போனதும் பழையபடி சுருங்குவதும் இந்தக் கந்தக முடிச்சால்தான்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் இதற்கு அனுமதி கேட்டபோது, "பப்ளிக் எக்ஸாமில் வருமா டீச்சர்?" என்று கேட்டு ஆய்வகச் சாவியைத் தரவில்லை. அந்த வருடப் பிள்ளைகள் உப்புப் பகுப்பாய்வு, டைட்ரேஷன் தவிர வேறெதையும் தொடாமலே போய்விட்டார்கள். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

உங்களிடம் நான் கேட்பது, அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் அடுத்தடுத்து இரண்டு பீரியடும் ஆய்வகச் சாவியும். வெங்காரம் வாய்க்குள் போகக்கூடாது, கையில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் தொடக்கூடாது, முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், மிச்சத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. இவ்வளவுதான் எச்சரிக்கை. பசைக் கரைசல் காய்ச்சத்தான் நேரம் பிடிக்கும். முதல் தடவை தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள், எண்ணூரோ வியாசர்பாடியோ, முதல் நாளே காய்ச்சி எடுத்துக்கொண்டு சனிக்கிழமையில் நானே வருகிறேன்.

அன்புடன்,
இராயபுரத்திலிருந்து ஒரு வேதியியல் ஆசிரியை