கிருஷ்ணருக்கு மீசை வரையலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாடித்தோட்டக் கட்டுரையில், தொட்டியில் குட்டையாக வடிவமைத்து வளர்க்கிற பழைய போன்சாய் மரம் கைக்கு வந்தால் முதல் வேலையாக நம் ரசனைக்கு ஏற்ப வெட்டி வடிவத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். கட்டுரையாளர் விஷயம் தெரிந்தவர், யோசிக்காமல் எழுதமாட்டார். அடுத்த இதழில், பழைய தஞ்சாவூர் ஓவியம் வாங்குகிறவர்கள் கிருஷ்ணருக்கு மீசை வரைந்துகொள்ளலாம் என்றும் எழுதச் சொல்லுங்கள்.

வளர்கிற மரத்துக்கு மூல வடிவம் ஏது என்று கேட்பீர்கள். நியாயம்தான். கிளை பட்டுப்போகும், புதுத்துளிர் கண்ட பக்கம் ஓடும். கவாத்து செய்யாமல் விட்டால் கொஞ்ச காலத்தில் அது போன்சாயாகவே இருக்காது. ஆனால் வடிவம் கலையாமல் இருக்க வெட்டுவது வேறு, வடிவத்தையே வெட்டி எறிவது வேறு.

அமெரிக்க போன்சாய்க் கலைஞர் ஜான் நாகாவின் 'கோஷின்' என்ற போன்சாய்த் தோப்பு தங்களுக்குத் தெரியாததல்ல. 1948-ல் ஜூனிபர் மரங்களை வைத்துத் தொடங்கியவர், பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று என்று பிற்பாடு அதைப் பதினொரு மரத் தோப்பாக்கினார். 1984-ல் அதை வாஷிங்டன் போன்சாய் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். 2004-ல் காலமும் ஆகிவிட்டார். ஒன்பது மரம் இருந்தால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று நம் கட்டுரையாளருக்குத் தோன்றினால், எந்த இரண்டு பேரப்பிள்ளைகளைப் பிடுங்குவார்?

அதே அருங்காட்சியகத்தில் யமாகி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக வளர்த்த வெள்ளைப் பைன் ஒன்றும் இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் வளர்வதாகக் கணக்கு. 1945-ல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி, மதிலின் மறைவில் இருந்து பிழைத்தது. 1976-ல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போனது. அணுகுண்டுக்குத் தப்பிய மரம் உங்கள் கட்டுரையாளரின் மாடியில் தப்பியிருக்குமா என்பது என் சந்தேகம்.

போன்சாய்க் கிளைகளை வளைத்து வடிவமைக்க எனக்குக் கம்பி கட்டக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். அவருடைய ஆலமரத்தில் இடப்பக்கக் கிளை நீளமாகப் போகும். அதைத் தாங்கட்டும் என்று, ஈரப்பாசி அடைத்த ஸ்ட்ராவுக்குள் விழுதை நுழைத்து, நுனி காயாமல் மண்ணில் இறக்குவார். அது தடித்துத் தூணாகும் வரை வருஷக்கணக்கில் காத்திருந்தார். அவர் போன பிறகு மரம் ஒரு நர்சரிக்குப் போனது. நான் மறுபடி பார்த்தபோது விழுதெல்லாம் மழித்து, இடக்கிளையை அடியோடு அறுத்து, தலையைப் பந்துபோல உருட்டி, நீலப் பீங்கான் தொட்டியில் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு புத்தர் பொம்மை வேறு. "ஃப்ரெஷ் லுக் சார்" என்றார் கடைக்காரர். விலையும் கூடியிருந்தது.

சரி, உங்கள் இதழின் மேல் எனக்கு வருத்தம் இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். பொங்கல் மலரில் லக்கி பேம்பூ படத்தைப் போட்டு 'போன்சாய்' என்றீர்கள். வாஸ்து பகுதியில், வீட்டில் போன்சாய் இருந்தால் குடும்ப வளர்ச்சி தடைபடும் என்று எழுதினீர்கள். அதைப் படித்ததிலிருந்து என் தம்பி மனைவி எங்கள் மொட்டை மாடிக்கு வடகம் காயப்போடக்கூட ஏறுவதில்லை. மறுத்து எழுதினேன், வெளியிடவில்லை. அப்புறம் மலர்க் கண்காட்சிச் செய்தி. பரிசு கொடுத்த பிரமுகருக்கு மூன்று வரி. பரிசு வாங்கிய புளியமரத்துக்கு 'அழகிய குட்டி மரம்'. வளர்த்தவர் யாரோ!

உருவாக்கியவர் பெயரே தெரியாத மரத்தின் மேல்தான் யாரும் கூசாமல் கத்திரி வைக்கிறார்கள். ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். இனி போன்சாய் படம் போட்டால், என்ன மரம், யார் உருவாக்கியது, எந்த ஆண்டு முதல் வளர்கிறது என்று கீழே ஒரு வரி சேருங்கள். இடமில்லை என்றால் வாஸ்து பகுதியில் ஒரு வரி குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
திருச்சி