தக்காளிக் கடிகாரம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வேலை மும்முரம், அதனால்தான் பதில் போடவில்லை என்று எழுதலாம். ஆனால் நீ கேட்டிருப்பதே அந்த வேலையைப் பற்றி என்பதால் இந்தச் சாக்கு உன்னிடம் எடுபடாது. 'காலை முதல் இரவு வரை மேசையை விட்டு எழுந்திருப்பதில்லை, ஆனால் ஒன்றும் முடிந்தபாடில்லை' என்று புலம்பியிருந்தாய். படித்ததும் சிரித்துவிட்டேன். மொழிபெயர்ப்பு வேலையை வீட்டிலிருந்தே செய்யத் தொடங்கிய நாளிலிருந்து போன வருடம் வரை என் புலம்பலும் இதேதான்.

இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறேன். அதற்குக் காரணம் ஒரு தக்காளி. 1980களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், படிப்பில் மனம் ஒட்டாமல் தவித்தபோது, பத்தே நிமிடம் உண்மையாகப் படிக்க முடியுமா என்று தன்னோடு தானே பந்தயம் கட்டினார். நேரம் பார்க்க அவருக்குக் கிடைத்தது தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறைக் கடிகாரம். இத்தாலிய மொழியில் தக்காளி என்றால் பொமொடோரோ. அதுவே முறைக்கும் பெயராகிவிட்டது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்றுக்கு ஒருமுறை 15 முதல் 30 நிமிடம் வரை நீண்ட ஓய்வு. இதுவரை நீயும் கேள்விப்பட்டிருப்பாய்.

பலரும் தாண்டிப் போய்விடுகிற பகுதி ஒன்று அதில் இருக்கிறது. சுற்றின் நடுவே கவனம் கலைந்தால் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். வெளியாள் கலைத்தால் ஒரு கோடு, நாமே கலைத்துக்கொண்டால் ஒரு மேற்கோள் குறி. என் நேரத்தைத் தின்பவர்கள் வீட்டாரும் தொலைபேசியில் அழைப்பவர்களும்தான் என்று நெடுநாளாகச் சொல்லி வந்தவன் நான். அதற்குச் சாட்சி கிடைக்கும் என்று ஆவலோடு ஒருநாள் முழுக்கக் குறித்தேன். மாலையில் எண்ணிப் பார்த்தால் கோடு நான்கு, குறி இருபத்தொன்று. வீட்டில் யார் கண்ணிலும் படும் முன் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

வேலையில் உட்காருவதைவிட நேரத்துக்கு எழுந்திருப்பதுதான் கடினம் என்பது அடுத்த பாடம். மணி அடிக்கும், 'இந்தப் பத்தியை மட்டும் முடித்துவிடலாம்' என்று தோன்றும். அப்படி நான்கு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்த ஒருநாள், ஓர் ஒப்பந்தத்தில் 'கூடாது' என்று வரவேண்டிய இடத்தில் 'கூடும்' என்று எழுதிவைத்திருந்தேன். அனுப்பும் முன் கண்ணில் பட்டது என் நல்ல காலம். அன்றிலிருந்து மணி அடித்தால் பாதி வாக்கியத்தில்கூட எழுந்துவிடுகிறேன். முடிந்த வேலையைவிட முடியாத வேலைதான் நினைவில் நிற்கும் என்று ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927இல் எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகளில் சில அதை ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கென்னவோ பலிக்கிறது: திரும்பி வந்து உட்கார்ந்ததும் எங்கே தொடங்குவது என்று முழிப்பதில்லை.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கைப்பேசியைப் பார்ப்பதை நீ ஓய்வு என்று எழுதியிருக்கிறாய். கண் அதே அருகாமையில் இன்னொரு திரையைத்தானே பார்க்கிறது? திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைந்துவிடுகிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தொலைவில் இருப்பதை, 20 விநாடி பார்க்கச் சொல்வார்கள் கண் மருத்துவர்கள். நான் ஜன்னலோரம் போய் நின்றுகொள்கிறேன். முதல் சில நாள் அந்த ஐந்து நிமிடம் தாங்க முடியாத நீளமாக இருந்தது.

அதற்காக 25 நிமிடக் கணக்கைக் கட்டிக்கொண்டு அழாதே. ஒரு வாக்கியத்துக்குள் நுழையவே எனக்குப் பத்து நிமிடம் பிடிக்கிறது. சூடு பிடிக்கும்போது மணி அடித்தால் எரிச்சல்தான் மிஞ்சும். மொழிபெயர்ப்புக்கு 50 நிமிடமும் பத்து நிமிட ஓய்வும் வைத்துக்கொண்டேன். மின்னஞ்சலுக்கும் கணக்கு வழக்குக்கும் 25 தாராளம்.

தேர்வுக்கு முந்தைய இரவுகளில் நான் விடியும்வரை விழித்துப் படித்ததும், நீ ஒன்பது மணிக்கே போர்த்திக்கொண்டு தூங்கி என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியதும் நினைவிருக்கிறதா? அப்போது உன்மேல் எனக்கு இருந்த கடுப்பு கொஞ்சநஞ்சமல்ல. அந்த ஆள் எங்கே போனான்?

அடுத்த கடிதத்தில் உன் தாளில் கோடு எத்தனை, குறி எத்தனை என்று எழுது. கிழித்துப் போட்டிருந்தால் அதையும் எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்